விடுகதையும் சொற்புதிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து விடுகதை போடுகிறேன். புதுச்சேரியிலிருந்தும் சில பெற்றோர் பஸ் ஏறிப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். விடைகளும் அங்கங்கேயே இருக்கின்றன.

மிஸ், விடுகதை, புதிர் ரெண்டும் ஒண்ணுதானே?

பேச்சு வழக்கில் ஒன்றாகத்தான் சொல்கிறோம். ஆனால் விடை தேடும் இடம் வேறு. விடுகதையில் ஒரு பொருள் வேஷம் போட்டுக்கொண்டு வரும். வேஷத்துக்குள் இருப்பது யார் என்று சொல்ல வேண்டும். சொற்புதிரில் விடை எழுத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஓர் எழுத்தை எடு, மாற்று, சொல்லை வேறு இடத்தில் பிரி என்று போகும்.

விடுகதை இன்று நேற்று வந்ததல்ல. தொல்காப்பியத்தின் செய்யுளியல் இதைப் ‘பிசி’ என்று சொல்லி இரண்டு வகையாகப் பிரிக்கிறது: ஒப்புமை காட்டிச் சொல்வது ஒன்று, தோன்றுவதை அப்படியே சொல்வது இன்னொன்று. பழைய உரையில் வரும் எடுத்துக்காட்டு ‘பிறை கவ்வி மலை நடக்கும்’. பிறை தந்தம், மலை உடம்பு, விடை யானை. நாலே சொல்லில் முடிந்துவிட்டது, ஒரு சொல்கூட வீணில்லை. பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

என் பொண்ணு கேட்ட உடனே “தெரியல, நீயே சொல்லு”ங்கறா. கண்டுபிடிக்க வழி ஏதாவது இருக்கா மேடம்?

இருக்கிறது. பெயர்ச்சொற்களை நம்பாதீர்கள், வினைச்சொற்களைப் பிடியுங்கள். ‘அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள்’ என்ற பழைய விடுகதையை எடுத்துக்கொள்வோம். அம்மா, மகள் இரண்டுமே வேஷம். படுத்திருப்பதும் ஓடித் திரிவதும்தான் உண்மை. ஆக, ஒன்று அசையாமல் கிடக்க வேண்டும், அதன் மேலேயோ பக்கத்திலேயோ இன்னொன்று முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இரண்டும் ஒரே இனமாக, ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருக்க வேண்டும். அம்மியும் குழவியும் என்ற இடத்துக்குத் தானாக வந்துவிடுவோம்.

மகளிடம் விடையைக் கேட்காமல், “இதில் என்ன நடக்கிறது?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். “ஒண்ணு படுத்திருக்கு, ஒண்ணு ஓடுது” என்று சொல்லத் தொடங்கினால் பாதி முடிந்தது. “தெரியல” என்று வரும் பிள்ளைகளில் பலர் யோசிக்க முடியாதவர்கள் அல்ல, எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள்.

புத்தகத்துல வர்றதெல்லாம் கேட்டாச்சு. நம்ம ஊர் விஷயமா கொஞ்சம் விடுகதை, விடையோட கொடுங்களேன்.

எங்கள் வகுப்பில் ஓடுகிறவற்றில் சில தருகிறேன்.

‘எல்லாருக்கும் பிள்ளை வயிற்றுக்குள்ளே, எனக்கு மட்டும் பிள்ளை வெளியே தொங்கும்.’ முந்திரி. பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள். கடைப் பாக்கெட்டில் மட்டும் பருப்பைப் பார்த்தவர்களுக்குக் கஷ்டம், ஏனென்றால் பழத்துக்கு அடியில் கொட்டை தொங்குவதை அவர்கள் பார்த்ததில்லை.

‘முள்சட்டைக்காரன், மரத்தின் மாரில் தொங்குவான், எண்ணெய் தடவாமல் தொட்டால் கையை விடமாட்டான்.’ பலாப்பழம். கையை விடாதது அதன் பால்.

‘தண்ணீரில் பிறந்தேன், வெயிலில் வளர்ந்தேன், தாயைத் தொட்டால் காணாமல் போவேன்.’ உப்பு.

‘உடம்பெல்லாம் ஓட்டை, தண்ணீரைத் தாங்காது, தண்ணீரில் இருப்பவனை மட்டும் பிடித்துவரும்.’ மீன் வலை. தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் கடைசி வரியில் ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னான். அந்த ஒரு சொல்லால் விடுகதை இறுகிவிட்டது.

‘நடக்காமல் நிற்பவனுக்கு நாலைந்து ஊன்றுகோல், கால் சேற்றில், தலை வெயிலில், புயல் வந்தால் ஊருக்கு முன்னே நிற்பான்.’ பிச்சாவரத்துச் சுரபுன்னை. ஊன்றுகோல் என்றது தண்டிலிருந்து வளைந்து இறங்கும் வேர்களை.

ஒரே விடுகதைக்கு ரெண்டு விடை வருதே, எது சரி?

பழைய விடுகதை ஒன்று: ‘ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய அழகான மண்டபம், ஒருவன் கண் பட்டு உடைந்ததாம் மண்டபம்.’ தேன்கூடு என்பது வழக்கமான விடை. ஒரு பிள்ளை “குளவிக்கூடு ஏன் கூடாது?” என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். கூடிக் கட்டுவது இரண்டுக்கும் பொருந்தும், மண்டபம் இரண்டுக்கும் பொருந்தும். ‘கண் பட்டு’ என்பதில்தான் நிற்க வேண்டும். ஒருவன் ஆசைப்பட்டுப் பார்த்ததால் உடைந்தது என்று பொருள். குளவிக்கூட்டுக்கு யாரும் ஆசைப்படுவதில்லை. பயந்துதான் கலைக்கிறார்கள்.

விடுகதைக்கு என்னிடம் உள்ள ஒரே சட்டம் இதுதான்: விடையை உள்ளே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் உட்கார வேண்டும். எல்லாச் சொல்லும் பொருந்தும் இரண்டாவது விடையைப் பிள்ளை சொன்னால் அதுவும் சரி, தயங்காமல் மார்க் போடுங்கள். “புத்தகத்தில் அப்படி இல்லை” என்று தள்ளிவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. இரண்டு விடைக்கு இடம் கொடுத்தது விடுகதை போட்டவரின் குறை, பிள்ளையின் குறை அல்ல.

படி, உழக்கு, உரல்னு விடை வந்தா எங்க பிள்ளைங்களுக்குப் புரியல. பழசையெல்லாம் விட்டுடலாமா?

விடவே கூடாது. பொருளைக் கையில் கொடுங்கள். ‘அக்கா வீட்டுக்குத் தங்கை போகலாம், தங்கை வீட்டுக்கு அக்கா போக முடியாது’ என்பதற்கு விடை படியும் உழக்கும். நாலு உழக்கு ஒரு படி. பழைய பித்தளைப் படி ஒன்றையும் உழக்கு ஒன்றையும் வகுப்பில் வைத்திருக்கிறேன். உழக்கைப் படிக்குள் போட்டால் டொக்கென்று உள்ளே விழும். படியை உழக்குக்குள் வைக்கப் பார்த்தால் விளிம்பிலேயே நின்றுவிடும். அதைப் பார்த்தவுடன் விடுகதையின் பாதிச் சிரிப்பு வந்துவிடுகிறது. மீதிச் சிரிப்பு, நாலு முறை அரிசி அளந்து கொட்டி, படி சரியாக நிறையும்போது.

வீட்டில் அந்தப் பொருள் இல்லையென்றால் பாட்டி வீட்டில் கேளுங்கள். பழைய பாத்திரக் கடையிலும் கிடைக்கும்.

நாலெழுத்து, அஞ்செழுத்துன்னு எண்ணும்போது புள்ளி வச்ச எழுத்தையும் எண்ணணுமா?

எண்ண வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். புள்ளி வைத்த மெய்யும் அதில் ஓர் எழுத்து. ‘கடல்’ மூன்றெழுத்து, ‘பண்ருட்டி’ ஐந்தெழுத்து. குறுக்கெழுத்துக் கட்டத்திலும் மெய்க்குத் தனிக் கட்டம். ‘கோ’, ‘கௌ’ போன்றவை எழுதும்போது இரண்டு மூன்று துண்டாகத் தெரிந்தாலும் ஒரே எழுத்துதான், ஒரே கட்டம்தான்.

முதலெழுத்தை மாத்துற புதிர்ல எறும்பு சரின்னு என் பையன் சொல்றான், நீங்க தப்புன்னு சொன்னீங்களாம்?

அந்தப் புதிர் இது: ‘நான்கெழுத்து. முதலெழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போ. பொங்கலுக்கு வாசலில் நிற்பேன்; கட்டடத்துக்குள் ஒளிந்து தாங்குவேன்; பூவாகும் முன் இப்படி இருப்பேன்; காற்றடித்தால் பறப்பேன்.’ விடைகள் கரும்பு, இரும்பு, அரும்பு, துரும்பு. ‘விரும்பு’, ‘திரும்பு’ என்று மேலும் நீட்டலாம்.

எறும்பும் குறும்பும் இந்த வரிசையில் சேராது. அவற்றில் இரண்டாம் எழுத்து வல்லின ‘று’. முதலெழுத்தை மட்டும் மாற்று என்றால் மற்றவை அப்படியே இருக்க வேண்டும். ஆனால் காதில் எறும்பு சரியாகத்தான் விழுகிறது, ஆகவே பையனைக் கோபிக்காதீர்கள். இந்தப் புதிரை வாயால் மட்டும் சொல்லாமல் பலகையில் எழுதிக் காட்டினால் ர, ற வேறுபாடு தனிப் பாடம் இல்லாமலே பதியும்.

ஊர்ப் பேரை வச்சுப் புதிர் போடறீங்களாமே, அது எப்படி?

பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது இதுதான், எனக்கும். ‘புலி உண்டு, பயம் இல்லை, பாதிரி உண்டு, சர்ச்சில் இல்லை, ரயில் வந்து நிற்கும்.’ திருப்பாதிரிப்புலியூர். கடலூரின் ரயில் நிலையங்களில் ஒன்று. பாதிரி என்றது இங்கே மரம். பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம் அதுதான். போர்ச்சுகீசியர் வழியாக வந்த ‘பாதிரி’ தேவாலயத்தில் இருப்பவர். இரண்டு சொல்லும் ஒரே உருவத்தில் வந்து நின்றதால் இந்தப் புதிர் அமைந்தது.

‘ஊருக்கு இரண்டு பேர், இரண்டும் கிழட்டு மலை என்றே சொல்லும், ஊருக்குள் மலையைத் தேடினால் காணோம்.’ விருத்தாசலம், பழைய பெயர் திருமுதுகுன்றம். விருத்தம் முதுமை, அசலம் மலை. முது குன்றமும் அதேதான்.

கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஓரெழுத்துப் புதிர்: ‘கடலூர்க் கடையில் கொடுத்துவிட்டு வருவேன், புதுச்சேரியில் அதன் மேலேயே நடந்து போவேன்.’ விடை ‘ரூ’. கடைச் சீட்டில் ரூபாய், பிரெஞ்சுப் பகுதியின் தெருப் பலகைகளில் தெரு (பிரெஞ்சு மொழியில் தெருவுக்கு ‘ரூ’ என்று பெயர்). புதுச்சேரிப் பிள்ளைகள் பெருமையோடு சொல்லும் விடை இது.

மூணு கேள்வி கேட்டு ஒரே பதில் சொல்றாங்களே, அது விடுகதையா, சொற்புதிரா?

சொற்புதிர். முதல் பதிலில் சொன்ன பிரிவின்படி பார்த்தால், விடை பொருளில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ‘தோசை ஏன் கருகியது? வெற்றிலை ஏன் அழுகியது? கடன்காரர் ஏன் வாசலில் நிற்கிறார்?’ மூன்றுக்கும் ‘திருப்பாததால்’. வெற்றிலையை அடுக்கி வைத்து நாள்தோறும் திருப்பாவிட்டால் அழுகும் என்று தெரியாத பிள்ளைக்கு அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கடினம்: ‘முருகன் எதை ஏந்தினான்? அப்பா காலையில் எதற்குப் போனார்? புலவர் கடலை எப்படி அழைத்தார்?’ விடை ‘வேலை’. வேல் என்பதோடு ஐ உருபு சேர்ந்து ‘வேலை’, ஆபீஸ் வேலை, கடலுக்குச் செய்யுளில் வேலை என்றும் பெயர். ‘வேலைக்கு’ என்று யாராவது சொன்னால் முதல் கேள்விக்குப் பொருந்தாது. ஆகவே இரண்டாவது கேள்வியை ‘அப்பா காலையில் எதைத் தேடிப் போனார்?’ என்று மாற்றிக் கேட்கிறேன். இங்கும் அதே சட்டம்தான்: எல்லாக் கேள்விக்கும் ஒரே உருவத்தில் உட்கார வேண்டும்.

அப்போ சிலேடைன்னு தமிழ் பாடத்துல வர்றது இதுதானா?

இதன் பெரிய அண்ணன். மேலே சொன்னதில் ஒரு சொல்லுக்கு மூன்று பொருள். சிலேடை வெண்பாவில் ஒரு பாட்டு முழுக்க இரண்டு பொருளுக்குப் பொருந்த வேண்டும். 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் சேர்த்துப் பாடியது இப்படித் தொடங்கும்: ‘நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும் வெஞ்சினத்திற் பற்பட்டால் மீளாது.’

பாம்புக்கு நஞ்சு இருக்கும். பழம் கனிந்து நைந்திருக்கும், பேச்சில் ‘நைஞ்சிருக்கும்’. பாம்பு தோலுரிக்கும், பழத்தை நாம் தோலுரிப்போம். சிவன் தலையில் பாம்பு இருக்கும். அபிஷேகத்தில் பழமும் அங்கே போகும். வெஞ்சினத்தோடு பாம்பின் பல் பட்டால் உயிர் மீளாது. வெஞ்சனமாக, அதாவது தொட்டுக்கொள்ள வைத்த பழம் நம் பல்லில் பட்டால் அதுவும் மீளாது.

வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு தட்டில் நன்றாகக் கனிந்த பழத்தை வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பழத்தைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். ‘மீளாது’ வரும்போது பழத்தைச் சாப்பிடுவதற்கு யார் என்று பெரிய போட்டி நடக்கும். அன்றைக்குப் பாட்டு மனப்பாடம் ஆகிவிடும், யாரும் உருப்போடச் சொல்ல வேண்டியதில்லை.

“விகடகவி” மாதிரி திருப்பிப் படிச்சாலும் அதே வர்றது வேற இருக்கா? போன்ல திருப்பிப் பார்த்தா தப்பா வருதே?

நிறைய இருக்கிறது. தேருவருதே, மோருபோருமோ இரண்டும் எல்லோருக்கும் தெரியும். கைரேகை, மேகமே, குடகு, மாறுமா ஆகியவற்றையும் எழுத்து எழுத்தாகத் திருப்பிப் பாருங்கள். பாப்பா, தாத்தா கூடச் சரியாக வரும், மேலே சொன்னபடி மெய்யையும் ஓர் எழுத்தாக எண்ணினால்.

இதற்கு மாலைமாற்று என்று பெயர். கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர் இந்த முறையிலேயே ஒரு பதிகம் பாடியிருக்கிறார், மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. முதல் பாட்டு ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா’. பாட்டு முழுவதையும் கடைசியிலிருந்து படித்தாலும் அதே பாட்டு. ஒரு தாளில் எழுத்துக்கு ஒரு கட்டமாக எழுதி, இரண்டு பிள்ளைகள் இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டு நடுவில் சந்திக்கச் சொல்லுங்கள். ‘காணாகா’வில் வந்து மோதிக்கொள்ளும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போனில் தப்பாக வருவதற்குக் காரணம், கணினி ‘தே’ என்பதை ஓரெழுத்தாக வைத்திருப்பதில்லை. ‘த’ ஒன்று, அதன் கொம்பு ஒன்று என்று இரண்டாகச் சேமிக்கிறது. சாதாரணச் செயலியில் திருப்பினால் கொம்பு தன் எழுத்தை விட்டுவிட்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்தைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்த செயலி வேண்டும், அல்லது பென்சிலும் தாளும் போதும்.

கணக்கும் தமிழும் சேர்ந்த புதிர் பெரியவங்களுக்கு ஏதாவது சொல்லேம்மா.

சொல்கிறேன் ஐயா. ‘பண்ருட்டியில் மூட்டை மூட்டையாகக் கிடப்பேன், பழைய கணக்கில் ஒன்றை முந்நூற்றிருபதாக வெட்டினால் ஒரு துண்டாக வருவேன்.’ முந்திரி. பழைய தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் முந்திரி என்பது 1/320. ஒரு மா 1/20, மாகாணி 1/16, அரைக்கால் 1/8.

இந்தப் பெயர்களை வைத்தே காளமேகத்தின் இன்னொரு வெண்பா உண்டு: ‘முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன் அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் விக்கி இருமாமுன் மாகாணிக் கேகாமுன்’ என்று போய், காஞ்சியில் ஒரு மாவின் கீழ் இருப்பவரை இன்றே ஓது என்று முடியும். காதில் விழுவது முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்று இறங்கிவரும் கணக்கு. பொருள், கோல் ஊன்றி மூன்று காலில் நடக்கும் முன், நரை விழும் முன், எமதூதரைக் கண்டு அஞ்சும் முன், விக்கி இருமும் முன், சுடுகாடு போகும் முன் என்று. இருமா என்பது இரண்டு மா, அதாவது 1/10. ஆகவே வரிசை எங்கும் தவறாமல் குறைந்துகொண்டே வருகிறது. பேரப் பிள்ளையைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சில விடுகதை கறுப்பு, குட்டை, நொண்டின்னு கேலியா இருக்கே, சொல்லிக் கொடுக்கலாமா?

நான் சொல்லிக் கொடுப்பதில்லை. சாதியை, உடற்குறையை, நிறத்தை வைத்துச் சிரிக்கும் விடுகதைகள் பழைய தொகுப்புகளில் இருக்கின்றன. பிள்ளைகள் கூட்டத்தில் அவற்றில் ஒன்றைச் சொன்னால் யாரோ ஒரு பிள்ளை தலையைக் குனியும். விடுகதைக்குப் பஞ்சமா நம்மிடம்?

‘ஔவையாரே எட்டேகால் லட்சணமே என்று கம்பரைத் திட்டவில்லையா?’ என்று கேட்பார்கள். செவிவழிக் கதை அது. ‘ஒரு காலடி, நாலிலைப் பந்தலடி’ என்று கம்பர் ‘அடி’ போட்டு விடுகதை கேட்க, ஔவையார் ‘ஆரையடா சொன்னாய்’ என்று ‘அடா’ போட்டு விடை சொன்னாராம். விடை ஆரைக்கீரை. ஒரு தண்டு, நாலு இலை, நம் வயல் வரப்பிலேயே பார்க்கலாம். தமிழ் எண்ணில் எட்டுக்கு ‘அ’, கால் என்பதற்கு ‘வ’. எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். எண்ணை எழுத்தாக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்கிறேன். அதுவும் இரண்டு பெரியவர்கள் சமமாக நின்று மோதிய கதை, எளியவரைக் கேலி செய்தது அல்ல.

விடுகதையால படிப்புக்குப் பிரயோஜனம் உண்டா?

உண்டு. சொல் வளரும், பொருளை உற்றுப் பார்க்கும் பழக்கம் வரும். ஆனால் மதிப்பெண்ணுக்காக என்று சொல்லி உட்கார வைத்தால் பிள்ளை ஓடிவிடும்.

நாங்களே புதுசா விடுகதை போடலாமா? எங்க ஆரம்பிக்கறது?

பொருளைப் பார்ப்பதில் ஆரம்பியுங்கள். சில்வர் பீச்சில் பிள்ளைகளோடு நண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் ஒருத்தி ‘எட்டுக் காலால் நடப்பான், இரண்டு கையால் கடிப்பான்’ என்றாள். எண்ணிக்கை சரி, ஆனால் எட்டுக் கால் என்றதும் விடை பாதி வெளியே வந்துவிட்டது. எண்ணை எடுத்துவிட்டோம். நண்டு என்ன செய்கிறது என்று பார்த்தோம். பக்கவாட்டில் ஓடியது. கண்ணைத் தூக்கி எங்களைப் பார்த்தது. உருண்டை உருண்டையாக மணலை வெளியே தள்ளியது. அலை வந்ததும் வளை மூடிக்கொண்டது. அது திரும்பவும் தோண்டியது.

கடைசியில் வந்த விடுகதை: ‘நேரே பார்ப்பான், குறுக்கே நடப்பான், அவன் கட்டிய வீட்டைக் கடல் வந்து பூட்டும், பூட்டை உடைத்துத் திரும்ப வருவான்.’ ஒவ்வொரு சொல்லையும் மணலில் உட்கார்ந்தே சரிபார்த்தார்கள். ‘உடைத்து’ வேண்டாம், ‘தோண்டி’ என்று போட்டால் விடை தெரிந்துவிடும் என்று அவர்களே சொல்லி ‘உடைத்து’ என்பதை வைத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு நேரம் விடை சொல்லாம வச்சிருக்கலாம்? எங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு விடையே சொல்ல மாட்டேங்கறாங்க.

பிள்ளைகளிடம் என்றால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். முதலில் ஒரு குறிப்பு, அப்புறம் இன்னொரு குறிப்பு, அதற்கு மேலும் வரவில்லையென்றால் விடை. குரூப்பில் காலையில் போட்டால் இரவுக்குள் போட்டுவிடுங்கள். விடையை மட்டும் போடாமல், எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று ஒரு வரியும் சேர்த்துப் போடுங்கள். விடை சொல்லாமல் விடுகதை போடுபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் வகுப்பில் கேட்டவரே விடை சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும்.